அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி. நரம்பியல் பிரிவுக்கு வெளியே சுவரோரம் கிடந்த பெஞ்சில் நானும் இவரும் உட்கார்ந்திருந்தோம். டாக்டரைப் பார்த்தாகிவிட்டது. மாத்திரை வாங்கும் வரிசை கொஞ்சம் குறையட்டும் என்று காத்திருந்தோம். நர்சிங் மேற்படிப்புப் படிக்கும் பெண் ஒருத்தி அட்டையும் பேனாவுமாக வந்து எதிரில் நின்றாள். "அம்மா, ஒரு பத்து நிமிஷம். சாரைப் பார்த்துக்கறதுல உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு சில கேள்வி கேக்கணும்" என்றாள். நாற்பது வருடம் தையல் மிஷின் மிதித்தவரை யாரும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. இவர் சிரிக்க முயன்றார். பார்க்கின்சன் வந்த முகத்தில் சிரிப்பு சட்டென்று வராது, அது கிளம்பி வந்து சேர்வதற்குள் எதிரில் இருப்பவர் போய்விடுவார்.

மொத்தம் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்: எப்போதும் இல்லை, எப்போதாவது, சில நேரம், அடிக்கடி, எப்போதுமே. பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். எல்லாம் கூட்டினால் அதிகபட்சம் 88. எனக்கென்று நேரமே இல்லை என்று தோன்றுகிறதா, உடம்பு கெட்டுப்போனதா, இவர் மேல் கோபம் வருகிறதா, வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டால் தேவலை என்று நினைத்ததுண்டா என்ற ரீதியில் போயின கேள்விகள். கோபம் பற்றிக் கேட்டபோது 'எப்போதும் இல்லை' என்று சொன்னேன். ஒப்படைப்பது பற்றிக் கேட்டதற்கும் அதேதான். அந்தப் பெண் கூட்டிப் பார்த்து, "17 தாம்மா வருது. பாரம் ரொம்பக் கம்மி. நல்லா சமாளிக்கிறீங்க" என்று பாராட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். நீடாமங்கலத்தில் ரயிலைப் பிடிக்க வேண்டும். இவர் குளியலறை நிலைப்படியில் நின்றுவிட்டார். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், நகராது. இந்த நோயில் அது சகஜம், வாசற்படியிலும் திருப்பத்திலும்தான் அதிகம் வரும். நேரமாகிறது என்ற பதற்றத்தில் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். சாதாரணமாகப் பிடிக்கவில்லை. என் நாலு விரலும் பதிந்து சிவந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து 'கோபமே வராது' என்று நான் சொன்னபோது, இவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். அவரே தைத்த சட்டை. அதற்கு உள்ளே என் விரல் தடம் இருந்தது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்த 17 ஒரு ஆய்வில் ஏறியிருக்கும். தமிழ்ப் பெண்கள் நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்று யாராவது எழுதவும் செய்திருக்கலாம்.

நான் அங்கன்வாடி ஊழியராக 27 வருடம் இருந்தவள். அளப்பது என் தொழில். மாதாமாதம் குழந்தைகளைச் சால்ட்டர் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி பச்சையில் விழுந்தால் கவலையில்லை, மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், ஆரஞ்சு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், சத்துமாவு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எங்கள் தராசுக்கு அதனால்தான் ஒரு மரியாதை இருந்தது. முள் எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப யாராவது ஏதாவது செய்தாக வேண்டும்.

எண் எப்படிப் பொய் சொல்லும் என்பதும் அதே தராசில்தான் எனக்குப் புரிந்தது. ஆரஞ்சு அதிகமானால் மீட்டிங்கில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். கால் கிலோ ஏற்றி எழுதிய மாதங்கள் என் பதிவேட்டிலும் உண்டு. இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கேட்கிறவர் எப்படிக் கேட்கிறார், பதில் சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பொறுத்துத்தான் எண் அமையும். பெஞ்சில் நான் சொன்ன பதிலும் கால் கிலோ ஏற்றிய பதில்தான்.

அந்த நர்சிங் மாணவி நல்ல பெண். என் நம்பரை வாங்கிப் போயிருந்தாள். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடிக்கு உறவினர் வீட்டுக்கு வந்தவள், எங்கள் வீட்டுக்கும் எட்டிப் பார்த்தாள். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். கொல்லைப்புறத்தில் தோய்க்கிற கல் மேல் உட்கார்ந்து, "அன்னிக்குச் சொன்னதெல்லாம் பொய்ம்மா, இப்பக் கேளு" என்றேன். அதே 22 கேள்வி, அதே நான். இந்தத் தடவை 59. கூட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இந்தக் கேள்வித்தாளின் கதையை அவள்தான் சொன்னாள். அமெரிக்காவில் ஸ்டீவன் ஜாரிட் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980-ல் வெளியிட்டது. முதலில் 29 கேள்விகள் இருந்தன, பிறகு 22 ஆகக் குறைத்தார்கள். உலகம் முழுக்க இன்று அதிகம் புழங்கும் அளவுகோல் அதுதானாம். முதல் ஆய்வில் எடுத்துக்கொண்டது ஞாபகமறதி நோய் வந்த முதியவர்கள் 29 பேரையும் அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களையும். அதில் தெரியவந்த விஷயம் எனக்குப் பெரிய ஆச்சரியம். நோயாளி எவ்வளவு தொந்தரவு கொடுக்கிறார் என்பதற்கும் கவனிப்பவர் உணரும் பாரத்துக்கும் அங்கே பெரிய தொடர்பு தெரியவில்லை. குடும்பத்தில் மற்றவர்கள் எத்தனை தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதோடுதான் தொடர்பு இருந்தது. வருகை கூடிய வீட்டில் பாரம் குறைவு.

கேட்டதும் மனசு உடனே ஒப்புக்கொண்டது, அப்புறம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. நம் வீடுகளில் வந்து பார்ப்பது என்றால் என்ன? இவருடைய அக்கா திருப்பூரிலிருந்து தீபாவளிக்கு மறுநாள் வருவார். கூட நாலு பேர். நான் காபி போட்டு, பலகாரம் வைத்து, மதியச் சாப்பாட்டுக்கு உலை வைக்க வேண்டும். "தம்பி ரொம்ப இளைச்சுட்டானே, சரியா சாப்பாடு போடறியா?" என்று கேட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவார். அது வருகை என்று கணக்கில் ஏறினால் என் பாரம் குறைந்ததாக ஆகுமா? பக்கத்து வீட்டு மருமகள் ஒருத்தி இருக்கிறாள். வியாழக்கிழமை சாயங்காலம் வந்து, "அத்தை, நீங்க கடைக்குப் போய்ட்டு வாங்க, மாமாகிட்ட நான் உக்காந்திருக்கேன்" என்பாள். காபி கேட்க மாட்டாள், கொடுத்தாலும் குடிக்க மாட்டாள். ஒரு மணி நேரம். அதைத்தான் ஜாரிட் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

'பாரம்' என்ற சொல்லையும் யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆன அன்று என் அம்மா எல்லாரிடமும், "பாரத்தை இறக்கி வச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் காதாரக் கேட்டேன். பெண் பிள்ளையைப் பாரம் என்று சொல்ல நம் வாய் கூசுவதில்லை. புருஷனை அப்படிச் சொல்லிவிட முடியுமா? படுத்த படுக்கையான மாமியாரை ஒரு மருமகள் அப்படிச் சொன்னால் தெரு என்ன பேசும்? இங்கிலீஷில் கேட்ட கேள்வியைத் தமிழில் பெயர்த்துவிடலாம், பதில் சொல்கிற வாயை எதில் பெயர்ப்பது?

அதனால்தான் எனக்குப் பெங்களூர்க்காரர்கள் செய்தது பிடித்திருக்கிறது. பை, கபூர் என்ற இருவர் 1981-லேயே நம் நாட்டுக் குடும்பங்களுக்கென்று ஒரு நேர்முகக் கேள்வித்தொகுப்பு செய்தார்கள். மனநோயாளிகளின் வீடுகளை மனதில் வைத்துச் செய்தது. பணம் எவ்வளவு போயிற்று, வீட்டின் அன்றாடம் எங்கே குலைந்தது, பொழுதுபோக்கு என்ன நின்றது, அக்கம்பக்கத்தோடு உறவு எப்படி, மற்றவர்கள் உடம்பும் மனசும் எப்படி என்று அது வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது. சென்னை ஸ்கார்ஃப் மனநல ஆய்வு நிறுவனத்தில் டாக்டர் ஆர்.தாராவும் உடன் பணிபுரிந்தவர்களும் 1998-ல் 40 கேள்விகள் கொண்ட அளவை ஒன்றை வெளியிட்டார்கள். நீண்டகால மனநோயாளிகளின் குடும்பத்தாரிடமே பேசி, அவர்கள் வாயிலிருந்து வந்ததைக் கொண்டு கட்டியது. பார்க்கின்சனுக்கும் பக்கவாதத்துக்கும் ஞாபகமறதிக்கும் அதே மாதிரி நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு ஒன்று செய்ய முடியாதா என்ன?

என்னிடம் "கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பேன். "எது எது நின்றுபோச்சு?" என்று கேட்டால் நிற்காமல் சொல்வேன். கையில் ஊசி நூல் கோர்க்க முடியாமல் போன வருடம் மிஷினை விற்றோம். சீட்டு கட்டுவது நின்றது. பேத்தியின் காதுகுத்துக்கு நான் போகவில்லை, போட்டோவில்தான் பார்த்தேன். ராஜகோபால சுவாமி கோயிலுக்குப் போய் ரொம்ப நாளாகிறது, மன்னார்குடி எங்களிடமிருந்து கூப்பிடு தூரம்தான். நான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கிய இரவு எது என்று எனக்கே தெரியவில்லை.

இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியே தெரியாத பகுதி அதுதான். லெவோடோபா மாத்திரை ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து என்று நாலு மணிக்கொரு தடவை. பருப்பு, தயிர் மாதிரிப் புரதம் கூடவே போனால் மாத்திரை சரியாக ஏறாது, அதனால் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். கடைசி மாத்திரையின் வேகம் நடுராத்திரிக்கு மேல் அடங்கிவிடும். அப்புறம் இவரால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. ஒரு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வைப்பேன். மூன்று மணிக்கு யூரின் கேன். நடுவில் கனவில் கத்துவார், கையை ஓங்குவார், அதுவும் நோயின் ஒரு கூறு. அதற்காகத்தான் நான் கட்டிலை விட்டுக் கீழே பாயில் படுப்பது. சில ராத்திரி கண்ணைத் திறந்துகொண்டே, "தீபாவளி நெருங்குது, அந்தப் பொண்ணு வாசல்ல நிக்குது பாரு, ஜாக்கெட் எங்க?" என்பார். வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். முதலில் எல்லாம் மறுத்துப் பேசினேன். இப்போது, "நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிடுகிறேன். படுத்துவிடுவார்.

2019-ல் மத்திய அரசு நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. ஒரு நாளை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து, யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று கேட்டார்கள். வீட்டிலிருப்பவர்களைக் கூலியில்லாமல் கவனித்துக்கொள்ளும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம் என்று வந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அதில் சேர்த்தி. அந்த எண்களை நான் குறை சொல்லவில்லை, அதையாவது எண்ணினார்களே. ஆனால் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் எழுந்துவிட்டு, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேனே, அது தூக்கக் கட்டமா, வேலைக் கட்டமா?

நோயாளியை அளக்க மருத்துவத்தில் கருவிக்குப் பஞ்சமில்லை. பார்க்கின்சன் நோய்க்கு 1967-லேயே ஹோன், யாஹ்ர் என்ற இருவர் ஐந்து நிலைகள் வகுத்துவிட்டார்கள். இவர் மூன்றாம் நிலையில் இருக்கிறார் என்று டாக்டர் சீட்டில் எழுதுகிறார். எழுதியதற்கேற்ப மாத்திரையின் அளவு மாறுகிறது. பக்கவாதம் வந்தவர் தானாகச் சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, படி ஏறுகிறாரா என்று பார்த்து நூற்றுக்கு மார்க் போட 1965-லிருந்து பார்தெல் அளவுகோல் இருக்கிறது. சட்டை பட்டன் போட உதவி வேண்டும் என்று அதில் குறிக்கிறார்கள். பட்டனைப் போட்டுவிடும் கை யாருடையது என்று எந்தச் சீட்டிலும் இல்லை.

கேட்டு என்ன பயன், கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்று ஒரு மருத்துவர் என்னிடமே சொன்னார். நேர்மையான பேச்சுதான். அங்கன்வாடியிலும் சத்துமாவு தீர்ந்துபோன மாதங்கள் உண்டு. மாவு இல்லை என்பதற்காக எடை பார்ப்பதை நாங்கள் நிறுத்தியதில்லை. பதிவேட்டில் ஆரஞ்சு இருந்தால்தான் அடுத்த மாதம் மாவு கேட்க முடியும். எழுதி வைக்காத பசிக்கு எந்த அலுவலகமும் வண்டி அனுப்பாது.

கொடுக்க ஒன்றுமில்லை என்பதும் முழு உண்மையில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் மாதாமாதம் இவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாள் பட்டையை மடித்து வைக்கப் போனவர், என்ன தோன்றியதோ, "கையை நீட்டுங்கம்மா, உங்களுக்கும் பார்த்துடலாம்" என்றார். 170-க்கு 100. அவரே பயந்துவிட்டார். எத்தனை நாளாக அப்படி இருந்ததோ. எனக்குத் தலைவலி இருந்தது, தூக்கமில்லாததால் என்று நினைத்திருந்தேன். இப்போது பையிலிருந்து இரண்டு பேருக்கும் மாத்திரை வருகிறது. அரசாங்கத்துக்கு அதில் ஆன கூடுதல் செலவு ஒரு பட்டை மாத்திரை. ஆனால் அது ஒருவருக்குத் தோன்றியதால் நடந்தது. தோன்றாத தெருவில் என்னைப் போல் இன்னொருத்தி கொதிக்கிற தலையோடு பாய் விரிக்கிறாள்.

அதைத் தோன்றலுக்கு விடாமல் கடமையாக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. எழுந்து நடமாட முடியாதவர் ஒருவர் இருக்கிற வீட்டுக்குள் நுழையும் தன்னார்வலரின் பதிவேட்டில் இரண்டாவது பெயருக்கு ஒரு வரி வேண்டும். பார்த்துக்கொள்வது யார், அவருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு, நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார், வீட்டை விட்டுத் தனக்காகக் கடைசியாக எப்போது வெளியே போனார். 22 கேள்வி எல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த நாலும் யார் முன்னாலும் சொல்லக் கூடியவை, புருஷன் பக்கத்தில் இருந்தாலும் வாய் கூசாது. கோபத்தையும் அழுகையையும் கேட்பதாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், வராந்தா பெஞ்சில் கேட்கக் கூடாது. எண் ஒரு கோட்டைத் தாண்டினால் அடுத்து யார் வர வேண்டும் என்பதும் அதே தாளில் அச்சாகியிருக்க வேண்டும்: இயன்முறை மருத்துவரோ, வலி நிவாரணப் பிரிவு நர்ஸோ, வாரத்தில் அரைநாள் நோயாளியோடு உட்காரப் பயிற்சி பெற்ற ஓர் ஆளோ. இந்த மூன்றாவதுதான் இல்லை. நூறு நாள் வேலைக்கும் சுய உதவிக்குழுவுக்கும் பெண்களைத் திரட்டத் தெரிந்த மாநிலத்துக்கு அது பெரிய காரியமில்லை.

பணமும் பேச வேண்டிய விஷயம்தான். இவர் பெயரில் மாற்றுத்திறனாளிகள் துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய் வருகிறது. அது இல்லாவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம், நன்றி மறக்கவில்லை. அதிகமான உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குக் கவனிப்பாளர் படி என்பதை 2016-ம் வருடச் சட்டமே சொல்கிறது. கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டத்தில், படுக்கையில் கிடப்பவரைக் கவனித்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய். இந்தக் காலத்தில் 600 ரூபாய் எந்த மூலைக்கு? ஆனாலும் அந்தத் திட்டத்தின் பயனாளி கவனித்துக்கொள்பவர். எந்த ஊரில் எத்தனை பேர் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று அங்கே ஒரு பட்டியலாவது இருக்கும்.

போன மாதம் மறுபடி தஞ்சாவூர் போனோம், காரில். திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். அந்த கேட்டில் நிற்காதவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. இரண்டு மணி மாத்திரை வீட்டில். இவருக்குக் கை கால் இறுக ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் நின்றுவிட்டார். இப்போதெல்லாம் நான் இழுப்பதில்லை. தரையில் கோடு போட்டால் அதைத் தாண்டுவதற்கு மூளை கால் எடுத்துவைக்கும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மிஷினோடு விற்காமல் வைத்திருந்த தையல் சாக் ஒன்று இருந்தது. அதை வைத்து வாசற்படி இரண்டு பக்கமும் அடிக்கொரு கோடு போட்டிருக்கிறேன். குனிந்து பார்த்தார். "கோணலா போட்டிருக்கே" என்றார். தாண்டி உள்ளே வந்தார்.

இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வந்தது, ஒரு பெண் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து 59 என்று எழுதிக்கொண்டு போய் யாரிடமோ காட்டியதால்தான். 17 என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு யாரும் வரவில்லை.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். வியாழக்கிழமையோ வேறு எந்தக் கிழமையோ, ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். காபி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.